ஆந்தை குடியிருந்த வாசல்

வாடிப்பட்டிக்கு மேற்கே, பெரியாற்றுக் கிளை வாய்க்கால் வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு செல்லத்தாயினுடையது. மண்சுவர், மேலே நாட்டு ஓடு, கிழக்குப் பார்த்த வாசல். கணவன் கருத்தக்கண்ணன் மாட்டு வண்டி ஓட்டினார். செல்லத்தாய் வயல் வேலைக்குப் போவாள். ஆனால் அவளைப் பத்து ஊருக்குத் தெரிந்தது பிரசவம் பார்க்கிறவளாக. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி இருபது வருடங்களில் எங்கள் பக்கம் பிறந்தவர்களில் பாதிப் பேர் அவள் கையில்தான் முதலில் அழுதார்கள். நானும் அப்படித்தான்.

உயரமான பெண். பேச்சு குறைவு, நடை வேகம். நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போது வரப்பில் யாராவது மூச்சு வாங்க வந்து நின்றால், என்ன ஏது என்று கேட்க மாட்டாள். கையிலிருக்கும் நாற்று முடியைப் பக்கத்தில் நிற்பவளிடம் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, "நட" என்பாள். போகிற வழியில்தான் விசாரிப்பாள்.

தன் வீட்டு வாசலை அவள் வைத்திருந்த விதத்தை ஊரில் கேலி செய்தவர்களும் உண்டு. பகலில் கதவைச் சாத்த மாட்டாள். வாசலுக்கு நேரே ஆட்டைக் கட்ட மாட்டாள். விறகு அடுக்க மாட்டாள். "பதறிப் போயி ஓடியாரவன் கால் இடறக் கூடாது" என்பது அவள் கணக்கு. பறவை விஷயத்திலும் அதே கண்டிப்பு. நிலைக்கு மேலே ஓட்டு இடுக்கில் குருவி வைக்கோல் கொண்டுவந்து திணித்தால், காலையில் எழுந்ததும் அதை இழுத்துப் போட்டுவிடுவாள். அது மறுபடி கொண்டுவரும். இவளும் மறுபடி எடுப்பாள். ஒரு வாரம் இந்த மல்லுக்கட்டு நடந்தால் குருவி சலித்துப்போய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடும்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, ஒனக்கு என்ன?" என்று கருத்தக்கண்ணன் கேட்பார்.

"பொண்டாட்டிக்கு வலி எடுத்து ஓடியாரவன் தலையில எச்சம் விழுந்தா, இது நல்லதா கெட்டதான்னு நின்னு யோசிப்பான். அவன் யோசிக்கிற நேரம் எனக்கு வேணும்" என்பாள்.

முட்டை இடுவதற்கு முன்னால்தான் இதெல்லாம். ஒரு முட்டை விழுந்துவிட்டால் அவள் அந்த இடுக்கைத் தொட மாட்டாள். அதனால்தான் மாசி பிறந்ததிலிருந்து தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஆனால் ஒரு வருடம் அவளால் பார்க்க முடியாமல் போயிற்று. நிலக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்குத் தலைப்பிரசவம். தை கடைசியில் போனவள், மாசி முழுவதும் அங்கேயே தங்கிவிட்டாள். வாசலுக்கு மேலே சுவரில் ஒரு பொந்து இருந்தது. முன்பு அங்கே கீற்றுச் சார்ப்பு போட்டிருந்தார்கள். ஒரு புயலில் அது பிய்த்துக்கொண்டு போனபோது உத்திரம் சொருகியிருந்த ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதைக் களிமண் வைத்து அடைத்திருந்தாள். ஐப்பசி மழையில் அந்த மண் கரைந்து விழுந்ததைக் கருத்தக்கண்ணன் பார்த்தார். பார்த்ததோடு சரி.

பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு செல்லத்தாய் வண்டியிலிருந்து இறங்கினாள். வாசலுக்கு வந்து வழக்கம்போல அண்ணாந்தாள். பொந்திலிருந்து மஞ்சள் கண்கள் இரண்டு அவளை உற்றுப் பார்த்தன. வெள்ளைப் புருவம், உருண்டைத் தலை. தலையை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டி அவளை அளந்தது ஆந்தை.

"இது எப்ப வந்துச்சு?"

கருத்தக்கண்ணன் மூட்டையை இறக்குவதில் மும்முரமாக இருந்தார். "நீ போன கொஞ்ச நாள்ல. ரெண்டு இருக்கு. பொழுது சாஞ்சா கத்துது. நான் கொல்லைப்பக்கமா படுத்துக்கிறேன்."

"வெரட்ட வேண்டியதுதானே?"

"ஆந்தைய நானா? வெளையாடுறியா?"

ஏணியைச் சாத்தி ஏறினாள். ஆந்தை சீறிக்கொண்டு உள்ளே ஒடுங்கியது. வெயில் சரிவாக விழுந்ததில் பொந்தின் அடி தெரிந்தது. பறவையின் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக உருண்டை முட்டைகள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினாள்.

"முட்டை வச்சிருச்சு" என்றாள். குருவிக்கு ஒரு நியாயம், ஆந்தைக்கு ஒரு நியாயம் என்று அவளுக்கு இல்லை. ஆனால் ஊருக்கு இருந்தது.

அவள் திரும்பி வந்த அதே வாரம் நல்லகாமன் மகள் அழகம்மாளுக்கு வலி எடுத்தது. நல்லகாமன் ஊரில் மதிப்பானவர். செல்லத்தாய்க்கு அண்ணன் முறை. முதல் பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். காலையில் ஆள் வந்து கூப்பிட, செல்லத்தாய் போனாள். மத்தியானம் கடந்து பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. கழுத்தைச் சுற்றிக் கொடி இறுக்கிக் கிடந்தது. அவள் கொடியைத் தளர்த்தினாள், தலைகீழாகப் பிடித்தாள், முதுகைத் தேய்த்தாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். பிள்ளை அழவே இல்லை.

பிள்ளைகள் தங்காமல் போவது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். செல்லத்தாய் கையிலும் முன்பு போயிருக்கின்றன. யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. இந்த முறை சொல்வதற்கு ஒன்று கையில் இருந்தது. அவள் எந்த வாசலைத் தாண்டி வந்தாள் என்று யாரோ கேட்டார்கள். ஆந்தைக்கு அடியில் நுழைந்து வந்த கை என்றார்கள். பொழுது சாய்வதற்குள் அது எல்லா வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த சில நாட்களில் நடந்தது இதுதான்: மேலத்தெருவில் ஒருத்திக்கு வலி கண்டது, சோழவந்தான் பக்கமிருந்து வேறு மருத்துவச்சியைக் கூட்டி வந்தார்கள். அந்த அம்மாளின் வண்டி செல்லத்தாய் வீட்டைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். செல்லத்தாய் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பங்குனி பாதி ஆகி வெயில் ஏறிய ஒரு நாள், நல்லகாமன் நீண்ட மூங்கில் கழியோடு வந்தார். நுனியில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. கூட இரண்டு மூன்று பேர். கருத்தக்கண்ணன் எழுந்து நின்றார். அவர் மனசிலும் அந்தப் பறவை போய்த் தொலைந்தால் நல்லது என்றுதான் இருந்தது.

செல்லத்தாய் வெளியே வந்து நிலைக்கு முன்னால் நின்றாள்.

"என்னண்ணே?"

"தள்ளு தாயி. இதப் பொகை போட்டு வெளிய இழுத்துட்டுப் போறேன். ஒனக்கும் நல்லது."

"குஞ்சு பொரிச்சிருக்குண்ணே. இப்பத்தான் கண்ணு தொறந்திருக்கு."

நல்லகாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் பேரனக் குழியில வச்சுட்டு வந்து நிக்கிறேன். ஒனக்கு ஆந்தைக் குஞ்சு பெருசாப் போச்சா?"

அவளுக்குக் கண் கலங்கியதைக் கருத்தக்கண்ணன் பார்த்தார். பிறகு அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒங்க பேரன் எங் கையிலதாண்ணே போனான். அவன் மொகம் எனக்கு மறக்காது. கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு. வயித்துக்குள்ளயே அப்படித்தான் கெடந்தான். இந்தப் பறவை வராட்டியும் அப்படித்தான் கெடந்திருப்பான். இதக் கொன்னா அவன் வரமாட்டாண்ணே."

"ஊரு பேசுது. இனிமே ஒன்னைய எவன் கூப்புடுவான்?"

"கூப்புடாட்டி இருந்துக்கிறேன். என்னைக்காவது யாராச்சும் கூப்புட்டா நான் போயி ஒரு பிள்ளைய ஏந்தணும். கூட்டப் பிரிச்ச கையோட போக என்னால ஆகாது. இன்னும் ஒரு மாசம். பறந்துரும். பறந்த அன்னைக்கே பொந்த அடைச்சிர்றேன்."

அவர் கழியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். கூட வந்தவர்களும் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கருத்தக்கண்ணன் சாப்பிடவில்லை. "நாம ரெண்டு பேரும் இந்த ஊர்ல இருக்கணும் புள்ள" என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்து வீட்டின் பின்சுவரை இடிக்க ஆரம்பித்தாள்.

"இந்தா, என்ன பண்ற?"

"வாசல் வைக்கிறேன். முன்வாசல்தானே ஊருக்குப் பயம்? அவங்க அங்கிட்டு வர வேணாம். நம்மளும் அங்கிட்டுப் போக வேணாம்."

கருத்தக்கண்ணன் அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அடுப்பை இடம் மாற்றி, பழைய வண்டிப் பலகைகளைச் சேர்த்துக் கதவு அடித்து, அந்த வாரக் கடைசியில் அந்த வீட்டுக்கு மேற்குப் பார்த்த ஒரு வாசல் வந்துவிட்டது. கிழக்கு வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதற்கு முன் பகலில் அந்தக் கதவு சாத்தியிருந்ததை யாரும் கண்டதில்லை.

புது வாசலுக்கும் யாரும் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. கொஞ்ச நாளில் அவளே கிளம்பிவிட்டாள். களத்துக்குப் போனாள், வாய்க்கால் படித்துறைக்குப் போனாள், கர்ப்பிணிப் பெண்கள் எங்கே இருப்பார்களோ அங்கெல்லாம் போனாள். முன்பெல்லாம் வலி வந்த பிறகுதான் அவளுக்கு ஆள் வரும். அதுவரை யார் வயிற்றில் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. இப்போது சும்மா பேச்சுக் கொடுத்தாள். கால் வீங்குகிறதா, தலை சுற்றுகிறதா, பிள்ளை எந்தப் பக்கம் உதைக்கிறது என்று கேட்டாள். சிலர் பதில் சொன்னார்கள். சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

அப்படித்தான் தங்கப்பொண்ணைப் பார்த்தாள். மொக்கையன் மனைவி, நிறைமாதம். தாய் இல்லாத பெண் என்பதால் பிரசவம் மாமியார் வீட்டில்தான். படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தவளின் வயிறு முன்னால் கூம்பாமல் இரண்டு பக்கமும் அகலமாகப் பரந்திருந்தது.

"பிள்ளை எங்கன உதைக்குது ஆத்தா?"

"பக்கவாட்டுலதான் அத்தே. வலது விலாவுல முட்டுது. ராத்திரி படுக்க முடியல."

"நான் செத்தத் தொட்டுப் பாக்கட்டா?"

தங்கப்பொண்ணு பதில் சொல்வதற்குள், மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் சோணையம்மாள் வந்துவிட்டாள். செல்லத்தாய்க்கு அவள் மதினி முறை.

"வேணாம் செல்லத்தாயி. தப்பா நினைக்காத. ஒங்க வீட்டு வாசல்ல அது இருக்கு."

"நான் அந்த வாசல் வழியா வரல மதினி."

சோணையம்மாளுக்குச் சிரிப்பு வந்ததாம். அடக்கிக்கொண்டாளாம். இதைத் தங்கப்பொண்ணேதான் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஆனாலும் தொட விடல" என்றாள்.

செல்லத்தாய் விலகிப் போகவில்லை. "சரி, நான் தொடல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. பிள்ளை குறுக்க கெடக்குற மாதிரி தெரியுது. வலி வந்ததும் வேற யாரக் கூட்டிட்டு வந்தாலும் சரி, இத மொதல்ல சொல்லிருங்க. அமுக்கிக் கிமுக்கி விட்டுரப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் தங்கப்பொண்ணுக்கு இடுப்பு வலித்தது. மொக்கையன் சோழவந்தான் பக்கத்து மருத்துவச்சியைத் தேடி ஓடினான். அந்த அம்மாள் வேறு ஊருக்குப் போயிருந்தார்; எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தவன் செல்லத்தாய் வீட்டுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டான். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டிருந்தது. பொந்தின் விளிம்பில் ஆந்தைக் குஞ்சு ஒன்று உட்கார்ந்து, சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை மாதிரி தலையைத் திருப்பித் திருப்பி அவனைப் பார்த்தது. கூப்பிடுவதா, வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்த செல்லத்தாய் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன மொக்கையா, வலி வந்துருச்சா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அத்தே" என்றான்.

"நட" என்றாள் அவள்.

சோணையம்மாள் வாசலில் நின்றிருந்தாள். செல்லத்தாய் வருவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். செல்லத்தாய் கையைக் கழுவி, சூடு பறக்கத் தேய்த்து, தங்கப்பொண்ணின் வயிற்றில் வைத்தாள். வலது பக்கம் தலை. இடது பக்கம் புட்டம். அடிவயிறு காலியாக இருந்தது. வெளியிலிருந்தே பிள்ளையைத் திருப்ப முடியுமா என்று மெல்லத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. வலி விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது.

எழுந்து வெளியே வந்தாள். "மதினி, இது என்னால ஆகாது. மதுரைக்குக் கொண்டுபோகணும். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு. இப்பவே."

"ஆஸ்பத்திரியா? அங்க போன உசுரு திரும்புமா? நீ பாக்க மாட்டியா?"

"பாத்தேன்னா ரெண்டும் போயிரும். எனக்குத் தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். அங்க டாக்டரம்மா இருக்காக, மயக்க மருந்து குடுத்து உள்ளயே திருப்புவாக. நானும் கூட வாரேன். இவளத் திரும்பக் கூட்டியாராம நான் ஊருக்குள்ள வரமாட்டேன்."

ஒரு மாதம் முன்னால் ஒரு பிள்ளையை இழந்து ஊர்ப் பழிக்கு ஆளானவள் இப்படி ஒரு வாக்குக் கொடுக்கிறாள் என்பது சோணையம்மாளுக்கு உறைத்தது. அவள் மகனைப் பார்த்தாள். மொக்கையன், "போவோம்த்தா" என்றான்.

கருத்தக்கண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். அடியில் வைக்கோல் பரப்பி, தங்கப்பொண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே மூட்டை கொடுத்து உயர்த்தினாள் செல்லத்தாய். வாடிப்பட்டி ஸ்டேஷன் வரைக்கும் ரோடு கரடு முரடு. "மெல்ல ஓட்டுங்க" என்பாள். உடனே "வெரசா போங்க" என்பாள். கருத்தக்கண்ணன் இரண்டுக்கும் "சரி" என்றார். ஒவ்வொரு வலிக்கும் தங்கப்பொண்ணு முக்கப் பார்த்தாள். "முக்காத ஆத்தா, வாயத் தொறந்து மூச்சு விடு. என்னையப் பாரு" என்று அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். ரயிலில் அவள் மடியில்தான் தங்கப்பொண்ணு தலை இருந்தது. ஏறியிருந்த பெண்கள் ஒரு பெஞ்சை முழுவதும் விட்டுக்கொடுத்து, சேலையைப் பிடித்து மறைவு கட்டினார்கள். மதுரையில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிப் படியேறியபோது பனிக்குடம் உடைந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். செல்லத்தாய் எந்தப் பக்கம் தலை, எப்போது வலி ஆரம்பித்தது என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, "நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார். அவள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். வெளியே உட்காரும் ஆண்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பிற்பாடு சொல்வாளாம். மொக்கையன் சுவரோரமாகக் குந்தியிருந்தான். உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. செல்லத்தாய் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். உடம்பு தேறும்வரை செல்லத்தாய் கூடவே இருந்தாள். வார்டில் இருந்த மற்றப் பெண்களுக்கும் தலை வாரிவிடுவது, வெந்நீர் எடுத்து வருவது என்று ஏதாவது செய்துகொண்டே இருந்தாள். பிறகு தாயும் பிள்ளையும் அவளுமாக ஊர் வந்து சேர்ந்தபோது, வண்டி செல்லத்தாய் வீட்டுப் பின்பக்கம் நின்றது. சோணையம்மாள் முதலில் அங்கேதான் வந்திருந்தாள். பேத்தியை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் செல்லத்தாயின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சித்திரை முடிவதற்குள் குஞ்சுகள் பறக்கப் பழகின. முதலில் ஓட்டு முகட்டுக்கு, பிறகு எதிரேயிருந்த புளியமரத்துக்கு. ஒரு சாயங்காலம் ஒன்றுகூடப் பொந்துக்குத் திரும்பவில்லை. செல்லத்தாய் அவசரப்படவில்லை. மேலும் சில நாள் காலையும் மாலையும் ஏறிப் பார்த்தாள். பொந்தில் எலி எலும்பும் உதிர்ந்த இறகும்தான் கிடந்தன. அவற்றை வழித்தெடுத்துப் போட்டுவிட்டு அடைக்கக் கல் தேடிக்கொண்டிருந்தபோது நல்லகாமன் வந்தார். கையில் சுண்ணாம்புச் சாந்துச் சட்டி.

"களிமண் மழைக்கு நிக்காது தாயி. சாந்து பூசு" என்றார். அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் கல்லை வைத்து இறுக்கி, சாந்து பூசி, வழவழப்பாகத் தேய்த்துவிட்டு இறங்கினாள். ஆந்தைகளுக்கு வேறு இடம் வேண்டுமே என்று வாய் உடைந்த பானை ஒன்றைக் களத்தோரப் பூவரச மரத்தில் கட்டிவைத்தாள். அதில் மைனாதான் குடியேறியது. ஆந்தைகள் பாழ்கிணற்றுச் சுவரில் தாமாகவே ஓர் இடம் பார்த்துக்கொண்டன.

மறுநாள் கிழக்கு வாசல் திறந்தது. மேற்கு வாசலையும் அவள் அடைக்கவில்லை. காற்று வருகிறது என்றாள்.

அழகம்மாள் வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. புருஷன் வீட்டுக்குப் போய்விட்டு ஆடியில் தாய்வீடு வந்தவள், தனியாகத்தான் வந்தாள். வெகுநேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தே, அன்னைக்கு நான் ஏதும் பண்ணிட்டேனா? குனிஞ்சு வேலை செஞ்சதுனால கொடி சுத்திக்கிருச்சுன்னு அங்க சொல்றாக."

ஊர் ஆந்தையைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், இந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் வேறு ஒரு குற்றம் சுமத்தியிருந்தார்கள். செல்லத்தாய் அவளை அருகில் இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. பிள்ளை உள்ள நீந்தும்போது கொடி சுத்திக்கிரும். சிலதுக்குத் தானா கழண்டுக்கிரும், சிலதுக்குக் கழறாது. ஆந்தையும் இல்ல, நீயும் இல்ல. எவளாச்சும் ஒன்னையச் சொன்னா எங்கிட்ட வரச் சொல்லு."

அழகம்மாள் அன்றைக்கு அழுது தீர்த்தாள். அடுத்த பிரசவத்துக்கு மாதம் நெருங்குவதற்கு முன்பே வந்து செல்லத்தாயிடம் வயிற்றைக் காட்டினாள். அந்தப் பிள்ளை நன்றாகப் பிறந்து, இன்றைக்கும் நிலம் உழுதுகொண்டிருக்கிறது.

அந்த வருடத்துக்குப் பிறகு செல்லத்தாய் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டாள். கர்ப்பம் என்று தெரிந்தால் தானே போய்ப் பார்த்துவிடுவாள். அப்படிப் போகிற வீடுகளில் பறவை வேலையும் அவளுக்குச் சேர்ந்துகொண்டது. நிலைக்கு மேலே மாடக்குழியில் புறா அடைகிறது, உத்திரத்தில் மைனா வருகிறது, தொட்டிலுக்கு மேலே குருவி கூடு கட்டி அதிலிருந்து பேன் உதிர்ந்து பிள்ளை உடம்பெல்லாம் தடிக்கிறது என்று ஏதாவது சொல்வார்கள். அவள் பார்த்துவிட்டு, மாடக்குழியில் பறவை உட்கார முடியாதபடி சாய்வாகப் பலகை வைக்கச் சொல்வாள். வாசலில் குருவிக்கென்று தொங்கவிட்ட நெற்கதிர்க் கொத்தைக் கிணற்றடிக்கு மாற்றச் சொல்வாள். "சோத்த வாசல்ல வச்சுட்டு வராதன்னா அது கேக்குமா?" முட்டை இருந்துவிட்டாலோ, தொட்டிலைத்தான் நகர்த்த வேண்டும், கூட்டை அல்ல. இதில் எந்த வீட்டுக்கும் சலுகை கிடையாது.

ஒருமுறை மேலத்தெருவில் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள், வாசல் தூணோரம் குஞ்சுகளோடு இருந்த மைனாக் கூட்டை எடுத்துவிடப் பார்த்தார்கள். செல்லத்தாய் அந்த வழியாக வந்தவள், பந்தலை ஒரு கை தள்ளிப் போடச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், இந்த அம்மா யார் என்று கேட்டார். கல்யாணப் பெண்ணே உள்ளேயிருந்து, "என்னைய எடுத்தவுக" என்று பதில் சொன்னாளாம். பந்தல் தள்ளித்தான் போடப்பட்டது. தாலி கட்டும்போது குஞ்சுகள் கத்திய கத்தலில் மேளச்சத்தம் கேட்கவில்லை என்று கருத்தக்கண்ணன் கதை கட்டிவிட்டார்.

யுத்த காலத்தில் வாடிப்பட்டிக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வந்தார். இளம் வயது, புது ஊர். எந்த வீட்டிலும் அவரை உள்ளே விடவில்லை. செல்லத்தாய்தான் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "எனக்கு வயசாகுது. இனிமே இந்த அம்மாவக் கூப்புடுங்க. கத்திரிக்கோலக் கொதிக்க வச்சு எடுக்குறாக, பாருங்க" என்று சொல்லி வைத்தாள். அவளும் அப்போதிலிருந்து தன் கத்தியைக் கொதிக்கவைக்க ஆரம்பித்தாள்.

சுதந்திரம் வந்த வருடம் மார்கழியில், கீழத்தெருவில் ஒரு பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். காலை வெயில் காய்கிறாள் என்றுதான் போவோர் வருவோர் நினைத்தார்கள். கருத்தக்கண்ணன் வண்டி அந்தப் பக்கம் வந்தபோதுதான் உயிர் போயிருந்தது தெரிந்தது. ஊர் முழுக்க வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கப்பொண்ணு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

கீழத்தெருப் பெண்ணின் பிரசவத்தை நர்ஸம்மாதான் பார்த்தார். தலை கீழே இறங்கியிருக்கிறது, முதுகு இடது பக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்று செல்லத்தாய் அந்த வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்படியேதான் இருந்தது.